கணக்கில் ஏறிய பட்டு

உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் நகரில் வீட்டுத் தறிகளின் அந்த வருட உற்பத்தியைக் கணக்கெடுக்க அரசு ஆளாக வந்திருந்தாள் மத்லூபா. தறி வைத்திருந்த ஓய்திலாய் தன் வீட்டுக்கு வந்தவளுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, ஒரு பட்டுத் துணியை மத்லூபாவின் மடியிலேயே விரித்தாள்.

“போன வாரம்தான் தறியில இருந்து இறக்கினேன்க்கா. எழுதிக்கோங்க. ஒண்ணும் நெய்யலைன்னா நெசவாளர் சங்கத்துல நூல் குடுக்குறத நிறுத்திடுவாங்க.”

“தறி தூசி படிஞ்சு கிடக்கே?”

“ஊர்க் காத்து அப்படி.”

மத்லூபா துணியின் ஓரத்தைத் தடவினாள். அங்கே சிறிய சிவப்பு முடிச்சு ஒன்று இருந்தது.

“இத எழுத முடியாதும்மா.”

“ஏன், நெசவு சரியில்லையா?”

“அதுல குறை இல்ல. இந்த முடிச்சு நான் போடுறது. என் நாத்தனார் கல்யாணத்துக்கு நானே நெய்து குடுத்த துணி, கல்யாணம் கல்யாணமா பரிசா கை மாறி உன்கிட்ட வந்திருக்கு. போன வருஷமே எங்க வீட்டுக் கணக்குல ஏத்திட்டேன்.”