இன்னும் வேகலையா?

"திரும்பவும் மேல்வீட்டு டீச்சர்தான். நீங்களே போய்ப் பதில் சொல்லுங்க" என்று மனைவி சமையலறைக்குள் வந்து நின்றுகொண்டாள்.

பெயிண்டருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அன்றைக்காவது ஒரு மனுஷன் ஆசைப்பட்டுப் பன்றி விலாக்கறி சமைக்கக் கூடாதா?

காலையில் கறி அடுப்பேறிய கொஞ்ச நேரத்திலேயே டீச்சருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"என்ன சமைக்கறீங்க?"

"பன்றி விலாக்கறி, டீச்சர்."

"எப்ப வேகும்?"

"மத்தியானம் ஆயிடும்."

டீச்சர் முகம் சுருங்கிப்போனது. விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

"பார்த்தீங்களா மூஞ்சியை?" என்று அப்போதே ஆரம்பித்தாள் மனைவி. "போன வீட்டைக் காலி பண்ண வெச்சதும் இந்தக் கறி வாடைதான். இங்க வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாப் பிரிக்கலை. அந்தம்மா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாம தெருவுலதான் நிக்கணும்."

இதோ, இப்போது இரண்டாம் தடவை. பெயிண்டர் கதவைத் திறந்தார்.

"இன்னும் வேகலையா?"

"இல்ல டீச்சர். சின்னத் தீயில வெச்சிருக்கேன்."

"குக்கர்ல போட்டா சீக்கிரம் ஆயிடுமே?"

குக்கரா! பெயிண்டருக்குச் சுருக்கென்றது. முந்தின நாளே எலும்புப் பக்கத்து ஜவ்வைப் பொறுமையாக உரித்து, உப்பும் மிளகும் பூண்டும் தடவி ஊறவைத்த கறி. கொஞ்சம் வினிகர், ஒரு துண்டு வெல்லம் சேர்த்து, மூடியை இறுக்கி, தன் தண்ணீரிலேயே வெந்தால்தான் எலும்பைத் தொட்டதும் கழன்று வரும். குக்கரில் போட்டால் சக்கைதான் மிஞ்சும்.

"அவசரப்பட்டா கெட்டுடும் டீச்சர்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

டீச்சர் போனதும் பொரிந்து தள்ளினார். "சமைக்கிற நானே பொறுமையா இருக்கேன். வாசனை பிடிக்கிறவங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"இந்த வாடை எப்பத் தொலையும்னுதான் அவசரம். முதல்ல ஜன்னலைச் சாத்துங்க!"

எல்லா ஜன்னலும் சாத்தப்பட்டன. கதவிடுக்கில் ஈரத் துணி செருகப்பட்டது. கறியோடு சேர்ந்து புருஷனும் பெண்டாட்டியும் வெந்தார்கள்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான் உங்க கதை" என்று பழைய பேப்பரால் விசிறிக்கொண்டே திட்டினாள் மனைவி. "ஒரு கோழியை வாங்கியிருந்தா இந்நேரம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம்."

அப்போதுதான் மூன்றாம் தடவையாகக் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஓங்கித் தட்டினார்கள்.

"இன்னைக்கு நானா அவங்களான்னு பார்த்துடறேன்!" கரண்டியும் கையுமாகப் பாய்ந்தார் பெயிண்டர்.

"இங்க பாருங்க டீச்சர், வாடை வெளிய வரக் கூடாதுன்னு எல்லா ஜன்னலையும் சாத்திட்டு உள்ள வெந்து சாகறோம். இன்னும் என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

படியில் வேகமாக இறங்கி வந்ததில் டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் தம்பி சாத்தினீங்க?"

பெயிண்டர் ஓங்கிய கரண்டியைக் கீழே இறக்கினார்.

"எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கறார். இன்னைக்குத்தான் உங்க கறி வாசனை வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். 'என்ன கறி அது? எப்ப வேகும், கேட்டுட்டு வா'ன்னு என்னை விரட்டிட்டே இருந்தார். வாசனை நின்னதும் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

"ஐயோ டீச்சர், சொல்லியிருந்தா ஒரு கிண்ணம் முதல்ல உங்களுக்குத்தானே..." மனைவி ஓடி வந்தாள்.

"கறியெல்லாம் வேணாம்மா. அது அவருக்குச் செரிக்காது. ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைங்க. அந்த வாசனையிலயே ரெண்டு வாய் கஞ்சி ஊட்டிடுவேன்."