கடையைப் பூட்டாமல்

மயூரி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோது, தான் வென்றுவிட்டதாகவே பிரியந்தன் நினைத்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனுடைய கணினித் திரையை எட்டிப் பார்த்ததே இல்லை.

கோடைகாலத்தில் இதே மேல்மாடி அறை வாசலில் நின்றுதான் அவள் சொன்னாள்: "இப்பிடியே இருந்தியள் எண்டா இந்தக் குடும்பம் நிலைக்காது. பிறகு நான் சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ."

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே தலையாட்டினான். மனைவியின் கோபம் ரொறொன்ரோ மழை மாதிரி, கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் தானாக விட்டுவிடும் என்பது அவன் கணக்கு. அப்படியே ஒதுங்கி நின்றான்.

விட்டுத்தான் இருந்தது. இலைகள் கொட்டத் தொடங்கியதிலிருந்து ரூஜ் பகுதியிலுள்ள அவர்கள் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. பால் வாங்கிக்கொண்டு வாங்கோ, குப்பையை வெளியிலை வையுங்கோ என்ற நச்சரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்குக்கூட மகள் சுபாங்கியை மயூரியோடு வேலை செய்யும் றோய்தான் கூட்டிக்கொண்டு போகிறான். நல்ல மனுசன். அவனுக்கு ஒரு நல்ல விஸ்கிப் போத்தல் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று பிரியந்தன் அடிக்கடி நினைத்து, அடிக்கடி மறந்துபோனான்.

"இண்டைக்கு என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள் மயூரி.

"பழைய சேர்வர் எல்லாத்தையும் தூக்கிப்போட்டுப் புதுசு போடுறன். மார்க்கம் ஒபிஸ் முழுக்க என்னை நம்பித்தான் இருக்கு."

"எங்கட கிளினிக்கின்ர புக்கிங் சைட் மாத்துற நேரமெல்லாம் விழுந்துபோகுது. நீங்கள் எப்பிடி விழாமல் மாத்துறியள்?"

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதிரையை அவள் பக்கம் திருப்பினான்.

"ஒரு கொத்துரொட்டிக் கடை எண்டு நினையும். உள்ளுக்குள்ளை கன கவுண்டர். வாசலிலை ஒருத்தன் நிண்டு, வாற சனத்தை நீ இதுக்குப் போ, நீ அதுக்குப் போ எண்டு பிரிச்சு விடுறான். அவன்தான் லோட் பலன்சர். கவுண்டர்தான் சேர்வர். ஒண்டு போனாலும், ஒண்டு புதுசா வந்தாலும், வாசலிலை நிக்கிறவனுக்கு உடனே தெரியோணும். உங்கட ஆக்கள் என்ன செய்யினம்? கடையைப் பூட்டிப்போட்டு மாத்தினம். விசர்க் கூட்டம்."

"பூட்டாமல் எப்பிடி?"

"முதல்லை பழசுக்குப் பக்கத்திலை புதுசைக் கொண்டுவந்து நிப்பாட்டோணும். நீ சுகமோ எண்டு கேட்டுப் பாக்கோணும். ஓம் எண்டா, சின்னச் சின்ன வேலை குடுத்துப் பாக்கிறது. அதை ஒழுங்காச் செய்தா, இன்னும் கொஞ்சம் கூட."

"அவசரப்படாமல்," என்றாள் மயூரி.

"ஓம், அவசரப்படவே கூடாது. அதே நேரம் பழசுக்குப் புது வேலை ஒண்டும் குடுக்கிறேல்லை. கையிலை இருக்கிறதை மட்டும் முடிக்க விடுறது. முடிச்சிட்டுதெண்டா அதின்ர கதை சரி."

"பழசுக்கு விளங்காதோ?"

பிரியந்தன் வாய்விட்டுச் சிரித்தான். "அதுக்கு என்ன விளங்கும்? வேலை குறைஞ்சிட்டுது, நிம்மதி எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கும்."

மயூரி சிரிக்கவில்லை. கோப்பையை அவன் பக்கம் நகர்த்தி, "ஆறப்போகுது, குடியுங்கோ" என்றாள். அந்தக் கனிவில் அவன் கரைந்தே போனான். கிறிஸ்மஸ் லீவுக்கு இவளையும் பிள்ளையையும் கியூபாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தான்.

திரையில் புதியவை ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. பழையவற்றுக்குப் பக்கத்தில் மிச்ச வேலையைக் காட்டிய எண்கள் குறைந்து குறைந்து பூச்சியமாகின. வாடிக்கையாளர் ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை.

"உதிலை ஒரு வேலையும் மிச்சம் இல்லையோ?" என்று பழையவற்றை விரலால் காட்டிக் கேட்டாள்.

"ஒண்டும் இல்லை. இனித் தூக்கினாலும் ஒருத்தரும் தேடமாட்டினம்."

விசையைத் தட்டினான். பழையவை அத்தனையும் பட்டியலிலிருந்து காணாமற்போயின. இந்தக் கட்டத்தில் அவனுக்கு எப்போதுமே ஒரு அற்பச் சந்தோஷம் வரும், இன்றைக்கும் வந்தது.

"பாவம் எண்டு இருக்காதோ?"

"இதிலை என்னப்பா பாவம்? ஓடுறதுதானே முக்கியம்."

கீழே யாரோ பூட்டில் திறப்பைப் போட்டு முன்கதவைத் திறந்தார்கள். "ஐ ஆம் சோ ஹங்ரி, றோய்!" என்று சுபாங்கி கத்துவதும், அவன் ஏதோ சொல்ல அவள் விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டன. குசினியில் தட்டுகள் எடுக்கும் ஓசை வந்தது.

பிரியந்தன் கடைசி மிடறைக் குடித்துவிட்டுச் சோம்பல் முறித்தான். "இப்ப எல்லாம் விளங்கினதுதானே? திங்கட்கிழமை கிளினிக்கிலை போய் அவைக்குச் சொல்லிக் குடும்."

வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு மயூரி எழுந்தாள்.

"கிளினிக் சைட் ஒருநாளும் விழேல்லை. உங்கட சூட்கேஸ் கீழை கதவடியிலை இருக்கு."