மூத்தவளின் மீன்

மூத்த மனைவி சாகும்போது புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் மீனை மட்டும் பட்டினி போட்டுராதீங்க. போட்டா சும்மா விடமாட்டேன்."

பவளப்பாறை வைத்த கடல்நீர்த் தொட்டியிலிருந்த அந்த மஞ்சள் மீன் கடற்பாசி மட்டுமே தின்னும். இரண்டாவதாக வாழ வந்தவள் தினமும் காலையில் காய்ந்த பச்சைப் பாசித்தாளைக் கிளிப்பில் மாட்டித் தொட்டிக்குள் வைப்பாள். மாலைக்குள் அதன் ஓரமெல்லாம் பிறை பிறையாகக் கடிபட்டிருக்கும்.

"இவ்வளவு உபசாரமா? அது என்ன உன் மாமியாரா?" என்று ஒருநாள் அவன் கிளிப்பையும் பாசியையும் குப்பையில் வீசினான். குப்பை லாரி அள்ளிக்கொண்டு போனது.

"பாவங்க, வாயில்லா ஜீவன்."

"சாகட்டும். தொட்டிய வித்துடலாம்."

மீன் சாகவில்லை. நாளாக நாளாகக் கொழுத்தது.

"எனக்குத் தெரியாம நீதான போடுற?"

"சத்தியமா இல்லீங்க."

ஞாயிறு மதியம் காபியோடு அவனை எழுப்பப் போனாள். பச்சைச் சட்டையோடு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குப்பைக்குப் போன கிளிப் அவன் காலரைக் கவ்விக்கொண்டிருந்தது. சட்டையின் ஓரமெல்லாம் ஈரமாக, பிறை பிறையாகக் கடிபட்டிருந்தது. காலருக்கு மேலே, கழுத்தில், சின்னதாக ஒரு பிறை.