பலகை சாய்ந்த நேரம்

பித்தளையில் ஒரு பலாப்பழம். ஒவ்வொரு முள்ளுக்கு அடியிலும் ஸ்பிரிங் வைத்து, தொட்டால் பாடும்படி அதைச் செய்திருந்தாள் சிற்பி தமயந்தி. அவள் ஊருக்குப் பஸ் ஏறியதும், கண்காட்சிக் கூடத்துக் காவலாளி வழக்கம்போல இதன் முன்னாலும் 'தொடாதீர்கள்' பலகையை நிறுத்திவிட்டுப் போனான்.

பலகைக்குப் பெருமை தாங்கவில்லை. ஓரத்து மின்விசிறி தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு விறைப்பாக நின்றது. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"கொஞ்சம் நகரேன்," என்று கெஞ்சியது பலா. "இன்றைக்கும் யாரும் தொடாவிட்டால் என்னைக் குடோனில் போட்டுவிடுவார்கள். நான் இன்னும் ஒரு தடவைகூடப் பாடவில்லை."

"நடக்கிற கதையா? நான் இருக்கும் இடத்தில் யாரும் எதையும் தொட்டதில்லை, தெரியுமா?"

"சரி, உன்னை யாராவது ஆசையாகத் தொட்டிருக்கிறார்களா?"

பலகைக்குச் சுருக்கென்றது. தூக்கி வைத்தவர்கள் உண்டு. தொட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

மின்விசிறி மறுபடி திரும்பியது. இந்தத் தடவை பலகை காலை ஊன்றவில்லை.

காற்றில் மல்லாந்து போய்ப் பலாவின்மேல் சாய்ந்தது. முட்கள் அமுங்கின. கூடம் முழுக்கக் கேட்கும்படி பாடியது பலா! ஜனங்கள் ஓடிவந்து ஆளுக்கொரு முள்ளை அழுத்தினார்கள்.

காவலாளி பதறிப்போய்ப் பலகையைத் தூக்கக் குனிந்தான்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்," என்றது பலகை. "இந்தப் பாட்டு முடியட்டும்."