நெட்டை எழுத்து

வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு.

ஒன்று கடையைப் பார்த்துக்கொள்ளும் அவளுடையது. நீல வார் வைத்தது தோழி பொற்கொடியுடையது. அதை உள்ளே எடுத்து வைக்கத் தோன்றவில்லை. என்ன புத்தியோ!

பிளக்ஸ் கடைக்குள் தூசி ஆகாது. யாராக இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். பொற்கொடியின் அப்பாவும் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

பார்த்திருப்பாரோ?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகளின் போட்டோவை நீட்டினார்.

“காணவில்லைன்னு போஸ்டர் அடிக்கணும்மா.”

ஐந்தடி தள்ளி, திரைக்குப் பின்னால், பிளக்ஸ் சுருள்களுக்கு நடுவில் பொற்கொடி உட்கார்ந்திருக்கிறாள். பத்து நாளில் கல்யாணம். வேண்டாம் என்று அவள் அழுததை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் கட்டிய துணியோடு இங்கே ஓடிவந்துவிட்டாள். சாயங்காலம் ஐந்தரைக்குச் சென்னை பஸ்.

அதற்குள் இந்த முகம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஏறினால் தொலைந்தது.

‘காணவில்லை’ என்று கம்ப்யூட்டரில் அடித்தாள்.

“இன்னும் பெருசா வேணும்.”

வருகிறவன் எல்லாம் இதைத்தான் கேட்பான். வேறு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பாள். இன்று, கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள் என்றிருந்தது.

நெட்டை எழுத்துக்கு மாற்றினாள். தடித்த, இடுப்பு ஒடுங்கிய எழுத்து. பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கும். உயரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

இழுத்தாள். கீழே போட்டோ சுருங்கியது.

“இன்னும்.”

இழுத்தாள். பொற்கொடியின் முகம் தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது.

அவர் அதையே உற்றுப் பார்த்தார். மவுஸ் மேல் அவள் கை அப்படியே நின்றது.

“மூஞ்சி சிறுசாப் போச்சேன்னு பயப்படாதம்மா. ஊர்ல யாரும் பார்க்க வேணாம். அவ படிச்சாப் போதும்.” சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். “கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டா. அது இல்லாம எதிர்ல பஸ் வந்தாலும் அவளுக்குத் தெரியாது.”

அவள் கர்சரை அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள்.

“கீழ என்ன போடட்டும் சார்?”

“அப்பாவுக்குக் கோபம் இல்லன்னு போடு. அதுவும் இதே உசரத்துல.”

திரை லேசாக அசைந்தது. காற்றாடிதான், காற்றாடிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“எத்தனை அடிக்கட்டும்?”

அதற்குள் அவர் எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். குனிந்திருந்தார். ஒரு செருப்பை மாட்ட இவ்வளவு நேரமா?

“இப்ப அடிக்க வேணாம்மா. நான் சொல்லி அனுப்புறேன்.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து வாசலுக்கு ஓடினாள்.

நீலச் செருப்பு இரண்டும் தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

அவற்றின் மேலே பொற்கொடியின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது.