வரிசையில் கடைசி

குடியிருப்பு மொத்தத்துக்கும் ஒரே இணைய இணைப்பு. அதன் பாஸ்வேர்டு சங்கச் செயலாளர் ஜெயசீலனிடம் மட்டும்தான் இருந்தது. ஞாயிறு காலை, இறுதிப் போட்டி திரையில் விக்கி விக்கி நிற்கவும், எரிச்சலுடன் ரௌட்டர் செட்டிங்ஸைத் திறந்தார். யாருக்கு முதலில் இணையம் என்ற முன்னுரிமைப் பட்டியலின் உச்சியில் பெயரில்லாத கருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. யார் வீட்டு வாஷிங்மெஷினோ என்று நினைத்து அதைக் கடைசிக்குத் தள்ளினார். ஆட்டம் அருமையாக ஓடியது.

மதியம் எதிர்வீட்டுச் செண்பகம் அழுத முகத்தோடு வந்து நின்றாள். அவள் கணவர் தணிகாசலத்துக்குத் தொண்டை ஆபரேஷனில் குரல் போய்விட்டது. அவர் மனதில் நினைப்பதை இணையம் வழியாகக் குரலாக்கித் தருவது அவர் கழுத்தில் மாட்டியிருக்கும் கருவிப் பட்டைதான்.

"காலையிலேருந்து பட்டை சரியில்லண்ணே. எங்க பொண்ணு மேகலாவுக்குப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுலேருந்து வந்திருந்தாங்க. காபிக்குச் சர்க்கரை போடவான்னு நான் கேட்டதுக்கு இவரு நினைச்ச 'வேண்டாம்', பொண்ணைக் குடுக்க சம்மதமான்னு அவங்க கேட்டப்ப வந்து விழுந்துச்சு. எவ்வளவோ சொன்னோம். தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க வந்து பாருங்கண்ணே."

ஜெயசீலன் போனார். தணிகாசலம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெயசீலன் அவர்கள் கண்ணில் படாதபடி போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பெயரில்லாத கருவியை மறுபடி உச்சிக்கு ஏற்றினார்.

தேங்கிக் கிடந்ததெல்லாம் பட்டையிலிருந்து கொட்டியது. "சம்மதம்... ஐயோ, சம்மதங்க... போகாதீங்க, உக்காருங்க... மனசாரச் சம்மதம்..."

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கை வச்சதும் சரியாயிடுச்சு பாத்தீங்களாண்ணே. காலையிலேயே உங்களைக் கூப்பிட்டிருக்கணும்."