எங்கே பிடிச்சிருக்கு?

"சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க."

இந்த வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாமல் பொம்மை மாதிரி உடம்போடு திரும்புகிறவனை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அவன் படுத்தான்.

"எங்க பிடிச்சிருக்கு?"

"கழுத்துலேர்ந்து தோள் வரைக்கும். மெதுவாங்க."

"மெதுவாத் தடவுறது அசதிக்கு. நல்லாத் தூக்கம் வரும். இறுகிப்போன தசைக்கு ஆழமா அழுத்தணும். பல்லைக் கடிச்சுக்குங்க."

"அம்மாடி... இதுக்கெல்லாம் படிப்பு இருக்கா?"

"நாலு வருஷம். எங்க வம்சத்துலயே முதல் பட்டம்."

"அதான் இவ்வளவு கோபமா அழுத்துறீங்களா?"

வலியிலும் சிரித்தான். ஆள் பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

தோளில் முடிச்சு இளகியது. அவன் சொக்கிப்போய்ச் சொன்னான்: "இந்தக் கை ஊரான் முதுகையெல்லாம் தொடணுமா? வேலையை விட்டுடுங்க. எனக்கு மட்டும் பிடிச்சு விட்டாப் போதும்."

அவள் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அவனுடைய அம்மா நின்றாள். மகளின் பிசியோதெரபி வேலையை 'ஆஸ்பத்திரி உத்தியோகம்' என்று மழுப்பி வைத்திருந்த அவளுடைய அம்மாவும் பின்னால் நின்றாள், முகம் வெளிறி.

"தனியாப் பேசிட்டு வாங்கன்னு அனுப்பினா, இது என்னடா கோலம்? சரி, பொண்ணைப் பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பிடிச்சிருந்துச்சும்மா. இப்ப விட்டுருச்சு."

கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டாரையும் தாண்டிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினாள். அங்கே யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.